கோமாளி வேடமும் ஆட்டத் திறமும்: அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் நகைச்சுவையின் வளர்ச்சி (1927–1979)

முன்னுரை

தொழில்முறைக் கூடைப்பந்தின் வேடிக்கை மனிதர்களைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் துணுக்குகளாகவே சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றைக் கால வரிசையில் வைத்துப் படித்தால் அமெரிக்க இனப்பாகுபாட்டின் வரலாறும் கூடவே தெரியும். கருப்பின ஆட்டக்காரர்களுக்கு நகைச்சுவை முதலில் பிழைப்புக்கு வழியானது. பிறகு அவர்களைக் கட்டிப்போடும் வேடமானது. கடைசியில் அவர்களுடைய சொந்தக் குரலானது. இந்த மாற்றத்தை ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியை மையமாக வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றமும் காரணமும்

லண்டனில் பிறந்து சிகாகோவில் வளர்ந்த யூதரான ஏப் சாப்பர்ஸ்டீன், சிகாகோவின் தென்பகுதிக் கருப்பின இளைஞர்களைக் கொண்டு இந்த அணியை நடத்தினார். 1927 ஜனவரி 7 அன்று இல்லினாய் மாநிலத்தின் ஹிங்க்லி என்னும் சிற்றூரில் முதல் வெளியூர் ஆட்டம் நடந்ததாக அணியின் மரபு கூறுகிறது. ஆட்டக்காரர்கள் கருப்பினத்தவர் என்பதைச் சுவரொட்டியிலேயே உணர்த்துவதற்காக நியூயார்க்கின் ஹார்லெம் பெயர் சேர்க்கப்பட்டது. அந்த ஹார்லெமில் அணி முதன்முதலாக ஆடியது 1968இல்தான்.

தொடக்க காலத்தில் ஐந்தே பேர் ஒரு காரில் ஊர் ஊராகச் சென்று உள்ளூர் அணிகளோடு மோதினார்கள். மாற்று ஆள் இல்லாததால் ஆட்டத்துக்கு நடுவிலேயே இளைப்பாற வேண்டியிருந்தது. உள்ளூர் அணியை அடியோடு வீழ்த்தினால் மறு ஆண்டு அழைப்பு வராது என்ற கவலையும் இருந்தது. ஆகவே தேவையான முன்னிலை கிடைத்ததும் பந்தை வைத்து வித்தை காட்டத் தொடங்கினார்கள். வெள்ளையர் ஊர்களில் தோல்வியின் கசப்பை அந்தச் சிரிப்பு தணித்தது.

திறமைக்குச் சான்று

சிரிக்க வைத்தவர்கள் ஆடத் தெரியாதவர்கள் அல்லர். 1939 உலகத் தொழில்முறைப் போட்டியின் அரையிறுதியில், கேளிக்கையைத் தவிர்த்து முறையான ஆட்டத்தையே நம்பிய நியூயார்க் ரெனசான்ஸ் என்ற மற்றொரு கருப்பின அணியிடம் குளோப்டிராட்டர்ஸ் தோற்றது. அடுத்த ஆண்டே சிகாகோ புருயின்ஸை 31–29 என்ற கணக்கில் வென்று பட்டத்தைப் பிடித்தது.

1948 பிப்ரவரி 19 அன்று சிகாகோ ஸ்டேடியத்தில் 17,823 பேர் முன்னிலையில், ஜார்ஜ் மைக்கன் ஆடிய வெள்ளையர் அணியான மினியாபொலிஸ் லேக்கர்ஸை அது எதிர்கொண்டது. இடைவேளையில் 32–23 எனப் பின்தங்கியிருந்த குளோப்டிராட்டர்ஸ், கடைசி நொடியில் எர்மர் ராபின்சன் தொலைவிலிருந்து போட்ட பந்தால் 61–59 என வென்றது. மறு ஆண்டும் அதே அணியை வென்றபோது வித்தைகளையும் சேர்த்தே காட்டியது.

அந்த வித்தைகளின் நாயகர்கள் இருவர். ரீஸ் ‘கூஸ்’ டேட்டம் ஏறத்தாழ ஏழடி விரியும் கைகளைக் கொண்டு எதிராளியைத் திகைக்க வைப்பார். கூடையைப் பார்க்காமலேயே ஹூக் ஷாட் போடுவார். மார்க்கஸ் ஹேய்ன்ஸ் பந்தைத் தட்டியபடியே ஒரு முழங்காலில் சறுக்குவார். பக்கவாட்டில் தரையில் படுப்பார். பந்து தரையிலிருந்து சில அங்குலமே எழும். துரத்துகிறவர் குனிந்து கைநீட்டுவதற்குள் அவர் எழுந்து விலகியிருப்பார்.

வேடத்தின் சுமை

1950இல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. கருப்பினத்தவருக்குக் கதவைத் திறந்தது. குளோப்டிராட்டர்ஸின் நேட் ‘ஸ்வீட்வாட்டர்’ கிளிஃப்டன் நியூயார்க் நிக்ஸில் சேர்ந்தார். சிறந்த வீரர்கள் லீக்கை நோக்கிச் செல்லச் செல்ல, குளோப்டிராட்டர்ஸில் ஆட்டம் குறைந்து கேளிக்கை கூடியது. 1952இல் ரெட் கிளாட்ஸ் உருவாக்கிய வாஷிங்டன் ஜெனரல்ஸ் அவர்களோடு கூடவே பயணம் செய்து, இரவுதோறும் தோற்கும் அணியானது. மெடோலார்க் லெமன் ‘கூடைப்பந்தின் கோமாளி இளவரசர்’ என்று புகழ்பெற்றார். தண்ணீர் வாளியென நினைத்துப் பார்வையாளர்கள் அலற, அதிலிருந்து காகிதத் துண்டுகளைக் கொட்டுவது அவருடைய பெயர்பெற்ற வேடிக்கை.

1971 ஜனவரி 5 அன்று டென்னசியின் மார்ட்டின் நகரில், எதிரணி எப்போதும் தோற்கும் இந்த ஏற்பாடு தடம்புரண்டது. நியூ ஜெர்ஸி ரெட்ஸ் என்ற பெயரில் ஆடிய கிளாட்ஸின் அணி, ஐம்பது வயதான அவரே கடைசியில் போட்ட பந்தால் 100–99 என வென்றுவிட்டது. அரங்கிலிருந்த குழந்தைகள் அழுதார்கள்.

இதற்கிடையே, வெள்ளையர் சிரிப்பதற்காகக் கருப்பினத்தவர் கோமாளியாவது பழைய இழிவையே நீட்டிக்கிறது என்ற கண்டனம் 1960களின் உரிமைப் போராட்டச் சூழலில் வலுத்தது. அதற்கு முன்பே கருப்பின வீரர் பில் ரஸ்ஸல் இந்த அணியில் சேர மறுத்து என்.பி.ஏ.வைத் தேர்ந்திருந்தார். 1971இல் குளோப்டிராட்டர்ஸ் வீரர்களே ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள்.

சொந்தக் குரல்

இந்தச் சுமையில்லாத நகைச்சுவைக்கு எடுத்துக்காட்டு டாரில் டாக்கின்ஸ். 1975இல் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராக என்.பி.ஏ.வுக்கு வந்த அவர், ‘லவ்ட்ரான்’ என்ற கோளிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்வார். 1979 நவம்பர் 13 அன்று கான்சாஸ் சிட்டியில் அவர் அடித்த டங்கில் கண்ணாடிப் பின்பலகை நொறுங்கிக் கொட்டியது. கீழே நின்ற எதிரணி வீரர் பில் ராபின்சைன் தலையை மூடிக்கொண்டு ஓடினார். ராபின்சைனின் அழுகையையும் பல் நடுக்கத்தையும் சேர்த்து அந்த டங்குக்கு ஒரு நெடும்பெயரைச் சூட்டினார் டாக்கின்ஸ். ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துப் பிலடெல்பியாவில் இன்னொரு பலகையையும் உடைத்தார். பலகையைக் காக்க, இழுத்தால் மடங்கும் வளையத்தை லீக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அவருடைய வேடிக்கைக்கு எந்த முதலாளியின் உத்தரவும் தேவைப்படவில்லை. டேட்டம் தலைமுறைக்குக் கிடைக்காத விடுதலை இது.

முடிவுரை

கூடைப்பந்துப் புகழ் மண்டபம் ஹேய்ன்ஸை 1998இலும், அணியை 2002இலும், லெமனை 2003இலும், டேட்டமை 2011இலும் ஏற்றது. டேட்டம் மறைந்து 44 ஆண்டுகள் கழித்து வந்த மரியாதை அது. ‘கோமாளி’ என்ற பட்டமே அவருடைய ஆட்டத்தை மறைத்துவிட்டது என்பது என் துணிபு. 1948இல் லேக்கர்ஸை வீழ்த்திய அதே கைகள்தான் வேடிக்கையும் காட்டின. ஆகவே குளோப்டிராட்டர்ஸின் வித்தைகளைக் கேளிக்கைக் கணக்கில் தனியே ஒதுக்காமல், கூடைப்பந்து நுட்பத்தின் வரலாற்றிலேயே சேர்த்து எழுத வேண்டும்.