பெல்ட் சரி, காரணம் தப்பு

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஏப்ரல் மாதம். ஸ்காட்லாந்தில் டீ நதிக்கரை. கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர் சால்மன் மீன் பிடிக்க என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். (மீன் கிடைக்கவில்லை. அது வேறு கதை.) தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் தன்னுடைய பழைய வேடர்ஸ் ஒன்றை எனக்கு மாட்டிவிட்டார். வேடர்கள் என்று படித்துவிடாதீர்கள், வேடர்ஸ். பாதத்திலிருந்து நெஞ்சு வரைக்கும் வரும், தண்ணீர் புகாத கால்சட்டை. தோளில் வார் போட்டு மாட்டிக்கொண்டால், இடுப்பளவு ஆற்றில் நனையாமல் நின்று தூண்டில் வீசலாம்.

மாட்டிவிட்டு, இடுப்பில் ஒரு பெல்ட்டைச் சுற்றி மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கினார். "இதை மட்டும் கழட்டிடாதே. உள்ளே தண்ணி போச்சுன்னா, கல்லைக் கட்டிப் போட்ட மாதிரி அடிக்கு இழுத்துட்டுப் போயிடும்" என்றார்.

எனக்கு நீச்சல் சுமார்தான். அன்று முழுக்க முழங்காலுக்கு மேல் தண்ணீரில் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் தேட ஆரம்பித்தேன். அவர் சொன்னது உண்மையா?

யோசித்துப் பார்த்தால், கிணற்றில் வாளி போட்டு இறைத்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். வாளி நிறைந்து தண்ணீருக்குள்ளேயே இருக்கும்போது கயிற்றில் பாரம் அவ்வளவாகத் தெரியாது. நீர்மட்டத்தைத் தாண்டி மேலே வரும்போதுதான் கை இழுபடும். தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. ஆர்க்கிமிடீஸ் சொன்னதும் இதைத்தான். வேடர்ஸுக்குள் புகுந்த ஆற்று நீர், வெளியே இருக்கும் ஆற்று நீரைவிடக் கனமானதில்லை. அதனால் அது யாரையும் அடிக்கு இழுக்க முடியாது.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? என் ஊகம் இது. வேடர்ஸ் போட்டவர்கள் மூழ்கி இறந்தது உண்மை. உடலைக் கரையேற்றும்போது கால்கள் இரண்டும் தண்ணீர் நிறைந்த மூட்டையாக இருந்திருக்கும், நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடிந்திருக்காது. பார்த்தவர்கள் "இந்த கனம்தான் ஆளைக் கொன்றது" என்று முடிவு கட்டியிருப்பார்கள். வாளி கிணற்றுக்கு வெளியே வந்த பிறகு எடை பார்த்த கதை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். வேடர்ஸ் பரவலாகாத காலத்தில் நனைந்துகொண்டேதான் ஆற்றில் இறங்கினார்கள். வில்லியம் ஸ்க்ரோப் என்பவர் ட்வீட் நதியின் சால்மன் மீன்பிடிப்பைப் பற்றி 1843-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஆற்றில் இறங்குபவர்களுக்கு ஆலோசனைகள் இருக்கின்றன. பெரிய ஆணிகள் இடைவெளி விட்டு அடித்த காலணி போட்டுக்கொள்ளுங்கள். மேல்சட்டையின் ஐந்தாவது பொத்தானுக்கு மேல் தண்ணீர் ஏற விடாதீர்கள். பிப்ரவரி மாதக் குளிரில் நிற்கிறீர்கள் என்றால், அவ்வப்போது காலுறையை இறக்கிக் கால்களைப் பாருங்கள். கறுத்தோ ஊதா நிறமாகவோ இருந்தால் கரையேறுவது நல்லது. வெறும் சிவப்பு என்றால் தொடரலாம்!

படிக்கும்போது சிரிப்பு வந்தது. ஆனால் மனுஷன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நனைந்த காலே அவருக்கு எச்சரிக்கை மணி.

அந்த மணியை நிறுத்தியது ரப்பர். 1823-ல் சார்ல்ஸ் மாக்கின்டாஷ், துணிகளுக்கு நடுவே ரப்பரை வைத்து ஒட்டிய நீர்புகாத் துணிக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அது வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துப்போகும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு 1844-ல் சார்ல்ஸ் குட்இயர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு ரப்பர் பூட்ஸும் வேடர்ஸும் பெருகின. கால் நனையாது, குளிர் உறைக்காது, அதனால் இன்னும் ஆழமாகப் போகலாம். ஸ்க்ரோப் காலத்து ஆளுக்குக் குளிர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. வேடர்ஸ் போட்ட ஆளுக்கு, தவறி விழும் அந்த ஒரு நொடியில் மொத்தக் குளிரும் சேர்ந்து வந்து அடிக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் கூடவே இன்னொரு பயமும் இருந்தது. வேடர்ஸின் கால்களுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும், கால் மேலே, தலை கீழே என்று ஆளைக் கவிழ்த்துவிடும் என்று. ஒரே உடுப்பு ஒருவரை அடிக்கும் இழுக்கும், தலைகீழாக மிதக்கவும் விடும் என்றால் எப்படி? யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கடைசியில் ஒருவர் குதித்தே பார்த்துவிட்டார்.

அவர் லீ வுல்ஃப். அமெரிக்கத் தூண்டில் உலகத்தின் பெரிய பெயர். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட வேண்டும் என்று 1930-களிலேயே வாதாடியவர். 1940-களில் அவர் பாட்டன்கில் ஆற்றங்கரையில் குடியிருந்தார். ஒருநாள் வேடர்ஸைப் போட்டுக்கொண்டு, அந்த ஆற்றின் பாலத்திலிருந்து தலைகுப்புறப் பாய்ந்தார். மூழ்கவும் இல்லை, கவிழ்ந்து தொங்கவும் இல்லை. நீந்திக் கரையேறினார்.

இங்கிலாந்தில் இதே வேலையைச் செய்தவர் ஹ்யூ ஃபால்கஸ். இரண்டாம் உலகப்போரில் விமானி, பிறகு எழுத்தாளர், படமெடுப்பவர். அவருக்கு இது வேடிக்கை விஷயம் இல்லை. 1951-ல் அயர்லாந்தின் அக்கில் தீவுக்குப் பக்கத்தில் சுறா பற்றிய படம் எடுத்துக்கொண்டிருந்தபோது படகு மூழ்கியது. உதவி தேடி அவர் நீந்திக் கரை சேர்ந்தார். மனைவியும் மற்றவர்களும் பிழைக்கவில்லை. பின்னாளில் மீன்பிடிப்பு பற்றி எழுதியபோது, ஆற்றில் விழுந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதினார். எழுதியதோடு விடாமல், தானே வேடர்ஸோடு ஆற்றில் விழுந்து, மிதந்து காட்டினார்.

சரி, கனமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் ஆட்கள் ஏன் இறந்தார்கள்?

முதல் காரணம் குளிர். திடீரென்று குளிர்ந்த நீரில் விழுந்தால் உடம்பு தன்னை அறியாமல் பெரிதாக மூச்சை இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. பிறகு ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது. பிரிட்டனின் உள்துறை 1977-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்றில், திறந்தவெளி நீரில் இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கரையோ வேறு பிடிமானமோ 3 மீட்டருக்குள் இருந்தும் இறந்ததாக வருகிறது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள். இந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மூன்று மீட்டர் என்பது ஒரு அறையின் அகலம்.

இரண்டாவது, நீரோட்டம். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்காகும். தண்ணீர் நிறைந்து உப்பிய வேடர்ஸ், பாய்மரம் காற்றைப் பிடிப்பது மாதிரி ஓட்டத்தைப் பிடிக்கும். அடித்துச் செல்லப்படும் ஆள் பதறி எழுந்து நிற்கப் பார்ப்பார். பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும், ஆறு முதுகில் தள்ளி முகத்தை அமுக்கிவிடும்.

மூன்றாவதுதான் பதற்றம். "தண்ணி உள்ளே போச்சு, இனி அவ்வளவுதான்" என்று நம்பும் ஆள், ஓடும் ஆற்றில் வேடர்ஸைக் கழற்றப் போராடுவார். முழங்கால் வரை கழன்று கால்களைக் கட்டிப்போட்ட வேடர்ஸ் உண்மையிலேயே ஆபத்து. பொய்யான பயம் நிஜமான ஆபத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

செய்ய வேண்டியது என்ன? மல்லாந்து, கால்கள் ஓட்டத்தின் திசையில் முன்னே இருக்கும்படி மிதக்க வேண்டும். மூச்சு அடங்கும்வரை வேறு எதுவும் வேண்டாம். பிரிட்டனின் உயிர்மீட்புப் படகு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. இன்று எல்லாருக்கும் சொல்வதும் 'முதலில் மித' என்பதைத்தான். அப்புறம் கைகளால் துழாவிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பக்கம் சாய வேண்டும். முட்டி தரையைத் தொடும் ஆழம் வரும்வரை எழுந்து நிற்கக் கூடாது. கரையில் தவழ்ந்துதான் ஏற வேண்டும், ஏனென்றால் வாளி இப்போது கிணற்றுக்கு வெளியே வருகிறது. உள்ளே 20 லிட்டர் இருந்தால், அது இப்போது நிஜமாகவே 20 கிலோ.

அப்போ பெல்ட்? வேண்டும், கண்டிப்பாக வேண்டும். அது உள்ளே போகும் தண்ணீரைக் குறைக்கும். அதனால் குளிர் மெதுவாக ஏறும், ஓட்டம் பிடிக்கும் பரப்பு குறையும், கரையேறும்போது சுமை குறையும். ஆழமான இடம் என்றால் கூடவே மிதவைச் சட்டையும் வேண்டும், வேடர்ஸ் ஒன்றும் மிதவை இல்லை.

பெரியவர் என் இடுப்பில் பெல்ட்டை இறுக்கியது சரி. சொன்ன காரணம்தான் தப்பு. பழக்கம் சரியாக இருந்தால் போதாதா, காரணம் எதற்கு என்று கேட்கலாம். பெல்ட் நழுவி, தண்ணீர் உள்ளே வந்துவிட்ட பிறகு கையில் மிச்சமிருப்பது அந்தக் காரணம் மட்டும்தான். அது தப்பாக இருந்தால் ஆள் அங்கேயே கைவிட்டுவிடுவார்.

போன மாதம் அவரிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ஆனா பெல்ட் போட்டுக்குவே இல்ல?" என்றார்.

போட்டுக்கொள்வேன் என்றேன்.