பதிவேட்டில் ஒரு பெயர்: பேஸ்பாலின் ஒருநாள் சாதனைகள் யாருடையவை?

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் பதிவேட்டில் அரிய சாதனை ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே பெயர் நிற்கிறது. அந்தச் சாதனை முழுக்க அவருடையதுதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சை யங்கின் 511 வெற்றிகள், கால் ரிப்கன் இடைவிடாமல் ஆடிய 2,632 ஆட்டங்கள் போன்றவற்றை இங்கே சேர்க்கவில்லை. ஆண்டுக்கணக்கில் திரண்டவற்றில் தற்செயலுக்கு இடம் குறைவு. ஒரே மாலையில், சிலவேளை சில விநாடிகளில் முடிந்துபோகும் சாதனைகளில்தான் சிக்கல்.

தனியொருவர் மூன்று பேரை அவுட்டாக்கும் ட்ரிபிள் ப்ளேயை எடுத்துக்கொள்வோம். பெயரளவில் இதைவிடத் தனிச்சாதனை வேறில்லை. 1920 அக்டோபர் 10 அன்று உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் கிளீவ்லாந்தின் பில் வாம்ப்ஸ்கான்ஸ் இதைச் செய்தார். புரூக்ளினின் கிளாரன்ஸ் மிட்செல் அடித்த பந்தைத் தரையில் விழுமுன் பிடித்தார். இரண்டாம் பேஸை மிதித்து, அங்கிருந்து கிளம்பிவிட்டிருந்தவரை அவுட்டாக்கினார். முதல் பேஸிலிருந்து ஓடிவந்து திகைத்து நின்ற ஓட்டோ மில்லரைத் தொட்டார். உலகத் தொடரில் இப்படியொன்று மறுபடி நிகழவில்லை. ஆனால் பந்து அடிபடும்போதே ஓட்டக்காரர்கள் கிளம்பிவிட்டிருக்காவிட்டால் வாம்ப்ஸ்கான்ஸுக்குக் கிடைத்திருப்பது ஒரு கேட்ச். மிஞ்சினால் இரண்டு அவுட். எதிரணியின் ஓட்டம்தான் அவருக்கு வாய்ப்பைக் கொண்டுவந்து கொடுத்தது.

பெர்ஃபெக்ட் கேம் அப்படியல்ல என்று வாதிடலாம். அதில் பந்தெறிபவரான பிட்சர் 27 பேட்டர்களில் ஒருவரையும் பேஸ் ஏறவிடாமல் திருப்பியனுப்ப வேண்டும். கண நேர அதிர்ஷ்டம் போதாது. 2023 முடிய, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெருலீக் ஆட்டங்களில் இது 24 முறைதான் நிகழ்ந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் சேண்டி கூஃபாக்ஸும் ராண்டி ஜான்சனும் இருப்பது வியப்பில்லை. 2012இல் இதைச் சாதித்த ஃபிலிப் ஹம்பரும் அங்கே இருக்கிறார். பெருலீக் வாழ்வு முழுவதிலும் அவர் வென்றவை 16 ஆட்டங்களே. 1922இல் சாதித்த சார்லி ராபர்ட்சனோ வென்றதைவிடத் தோற்றதே அதிகம். திறமை வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் நடுத்தரப் பிட்சர்கள் ஆயிரக்கணக்கில் ஆடும்போது, ஏதோ ஒரு நாள் அவர்களில் ஒருவருக்கும் எல்லாம் கூடிவந்துவிடுகிறது. ஃபீல்டர்களின் கைகளும் அந்த நாளில் பிசகாமல் இருக்க வேண்டும்.

இந்த வாதத்தின் வலுவான சான்று, பட்டியலில் இல்லாத ஒருவர். 1959 மே 26 அன்று மில்வாக்கியில் பிட்ஸ்பர்க்கின் ஹார்வி ஹேடிக்ஸ் தொடர்ந்து 36 பேட்டர்களைத் திருப்பியனுப்பினார். அதாவது 12 இன்னிங்ஸ் முழுமை. அவருடைய சகாக்கள் மில்வாக்கியின் லூ பர்டெட்டின் பந்தில் 12 ஹிட் அடித்தும் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. 13ஆம் இன்னிங்ஸில் பிட்ஸ்பர்க் ஃபீல்டர் டான் ஹோக் தவறாக எறிந்ததால் முதல் ஆள் பேஸ் ஏறினார். பிறகு மில்வாக்கியின் ஜோ ஆட்காக் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். அப்போது பேஸில் இருந்த ஹேங்க் ஆரன் பாதியில் ஓட்டத்தை விட்டு விலகியதால் அந்த அடி டபுளாகக் கணக்கிடப்பட்டு, ஆட்டம் 1–0 என முடிந்தது. 1991இல் லீக்கின் புள்ளிவிவரக் குழு, கடைசிவரை ஹிட் கொடுக்காத ஆட்டமே நோ-ஹிட்டர் என வரையறுத்தது. பெர்ஃபெக்ட் கேமும் நோ-ஹிட்டராக இருந்தாக வேண்டும் என்பதால் ஹேடிக்ஸ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். களத்தில் 27 பேரை வீழ்த்தியவர்கள் உள்ளே, 36 பேரை வீழ்த்தியவர் வெளியே! வரையறை சீரானதுதான், ஆனால் அது அளப்பது பிட்சரின் திறமையை அல்ல, ஆட்டம் முடிந்த விதத்தை.

2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் நடுவரும் இந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டார். பிட்சர் அர்மாண்டோ கலராகா 26 பேரை வீழ்த்தியிருந்தார். 27ஆவது பேட்டர் ஜேசன் டொனால்ட் முதல் பேஸில் அவுட் என்பது காணொளியில் தெளிவு. ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் ‘சேஃப்’ என்றார். ஆட்டத்துக்குப் பின் தம் பிழையை ஜாய்ஸே ஒப்புக்கொண்டார். ஆணையர் பட் செலிக் முடிவை மாற்றவில்லை. களத்தில் கலராகா அடுத்த பேட்டரையும் வீழ்த்தியிருந்தார். பதிவேட்டில் அது ஒரு ஹிட் கொடுத்த ஆட்டம் மட்டுமே.

2014இல் காணொளி மறுபரிசீலனை விரிவாக்கப்பட்டது. இப்போது அதே நிகழ்வு நடந்தால் தீர்ப்பு உடனே திருத்தப்படும். ஆகவே 2014க்கு முந்தைய பெர்ஃபெக்ட் கேம்களையும் பிந்தையவற்றையும் ஒரே வரிசையில் எண்ணிட்டு எழுதும் இன்றைய வழக்கம், அளவுகோல் மாறியதை மறைத்துவிடுகிறது. பட்டியலின் நடுவே ஒரு கோடு இழுப்பதே நேர்மையான பதிவாக இருக்கும்.