தாயகம் திரும்பாத எங்கள் அத்தை

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் எங்கள் அத்தை, அதாவது என் மனைவியின் தாயார், காலமானார். வயது 86. கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் கோவையில் எங்களோடுதான் இருந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, சான்றிதழ் வேலைக்காக அவருடைய பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தோம். ஒரு பாஸ்போர்ட், ஒரு குடும்ப அட்டை, அண்ணன் எழுதிய கடிதங்கள், நூலில் கட்டிய திருநீற்றுப் பொட்டலம். வேறொன்றும் இல்லை.

அட்டையைப் புரட்டிப் பார்த்த என் பேரன் கேட்டான்: "பூட்டி சிலோன்ல இருந்து திரும்பி வந்தவங்களா தாத்தா?"

ஆமாம் என்று சொல்ல வந்தவன் நிறுத்திக்கொண்டேன். அந்த "திரும்பி" என்ற சொல்லுக்காக அத்தையிடம் நான் ஒருமுறை பாடம் கேட்டிருக்கிறேன்.

முப்பது வருடங்களுக்கு முன்னால் நடந்தது. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, என்ன கேள்வி என்று விசாரித்தார். "உங்களைப் பத்தித்தான் அத்தை. தாயகம் திரும்பியோர்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் பிறகு சொன்னார்: "திரும்பறதுன்னா மொதல்ல இங்க இருந்திருக்கணுமே மாப்புள? நான் பொறந்தது அட்டன்ல. எங்கம்மா பொறந்ததும் அங்கதான். இந்தியாவ நான் மொத மொதப் பாத்ததே கப்பல்ல நின்னுதான்."

வரலாற்று ஆசிரியர் நான். பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அவரிடம் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன்.

கதை நம் கொங்கு மண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சேலம், கோவை மாவட்டங்களும் அதில் கடுமையாக அடிபட்டவை. அந்தப் பஞ்சத்தில்தான் அத்தையின் முன்னோர்கள் ராசிபுரம் பக்கத்திலிருந்து கங்காணி ஒருவரின் பின்னால் கிளம்பினார்கள் என்பது அவர்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இலங்கை மலைகளில் அப்போது காப்பியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1869-ல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் காப்பித் தோட்டங்களை அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் தொடங்கியது அது. இந்த மாற்றம் ஒரு பெரிய சமூக மாற்றத்தையும் கொண்டுவந்தது. காப்பிக்குப் பறிப்புப் பருவத்தில் மட்டும் நிறைய ஆள் தேவை. அதனால் வந்தவர்கள் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். கொழுந்து கிள்ளப் பெண்கள் வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக அங்கேயே தங்கினார்கள். "துண்டு" என்று ஒரு சீட்டு. தொழிலாளியின் கடன் அதில் எழுதியிருக்கும். கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-ல்தான் அந்த முறையை ஒழித்தார்கள்.

அத்தை 1938-ல் பிறந்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறை. அவருடைய அம்மா விடியலில் பெரட்டுக்களத்துக்குப் போகும்போது பிள்ளையைப் "பிள்ளைக் காம்பரா"வில் விட்டுவிட்டுப் போவார். அத்தைக்குக் கூடை ஏறியபோது வயது பதினான்கு.

அவருக்குப் பத்து வயதானபோது, அவருக்கே தெரியாமல் அவர் நாடற்றவர் ஆகிவிட்டார். 1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம், அங்கே பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இலங்கையில் பிறந்ததைக் காட்ட வேண்டும் என்றது. தோட்டத்தில் யாரிடம் காகிதம் இருந்தது? 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் 7 இடங்களில் வென்றிருந்தது. அடுத்த இரண்டே ஆண்டில் அந்த மக்களின் வாக்குரிமையும் போயிற்று. பதிவு செய்து குடியுரிமை பெற 1949-ல் இன்னொரு சட்டம் வந்தது. சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவான பேருக்கு.

பிறகு வந்தது நாம் பாடத்தில் ஒரு வரியில் படிக்கும் ஒப்பந்தம். 1964 அக்டோபர் 30. சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் அவர்களையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு 7 பேர் போனால் இலங்கையில் 4 பேருக்குக் குடியுரிமை என்பது விகிதம். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஏழுக்கு நாலு என்ற கணக்கு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? அத்தையின் அண்ணன் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டார். மாமா இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். அவர் கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு நடையாய் நடந்து பாஸ்போர்ட் வாங்கினார். 1972-ல் அட்டன் ஸ்டேஷனில் அண்ணனும் தங்கையும் பிரிந்தார்கள். "கோச்சி கெளம்பினதும் அண்ணன் கூடவே ஓடிவந்துச்சு. பிளாட்பாரம் முடிஞ்சு போச்சு" என்பார் அத்தை. அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்.

தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு அதுதான் வழி. பிறகு மண்டபம் முகாம். கையில் மாமாவின் சேமநல நிதிப் பணம், நான்கு பிள்ளைகள், கிளம்பும் முன் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வாங்கிய திருநீறு.

முகாமிலிருந்து முதலில் ராசிபுரம் பக்கம்தான் போனார்கள். பாட்டன் ஊரல்லவா! மாமா ஊர்ப்பெயரைச் சொல்லி, வகையறாவைச் சொல்லி, வீடு வீடாக விசாரித்திருக்கிறார். ஒரு பெரியவர் மட்டும், "அப்படி யாரோ கப்பலுக்குப் போனாங்கன்னு சொல்லுவாங்க" என்றாராம். அவ்வளவுதான். கோயில் திண்ணையில் இரண்டு ராத்திரி படுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்கள். அரசாங்கத்தின் காகிதப்படி அதுதான் அவர்கள் சொந்த ஊர். அந்த ஊருக்கு அவர்களைத் தெரியவில்லை.

வந்தவர்களுக்காக அரசு சில ஏற்பாடுகளைச் செய்திருந்தது. 1969-ல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. சிலருக்குத் தொழில் கடன், சிலருக்கு நூற்பாலைகளில் வேலை. நீலகிரியில் 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் 1976-ல் டேன்டீ என்ற கழகமானது; வால்பாறையிலும் அதற்குத் தோட்டம் உண்டு. கடன் வாங்கிக் கடை வைத்துத் தோற்றவர்கள் பலர், தெரிந்த தொழிலைத் தேடி மலையேறினார்கள். அத்தை குடும்பத்துக்குக் கோத்தகிரிப் பக்கம் டேன்டீயில் வேலை கிடைத்தது. அட்டனில் கொழுந்து கிள்ளிய கை இங்கே தேயிலை நட்டது, களை எடுத்தது, பிறகு அதே செடியில் கொழுந்து கிள்ளியது.

1975-ல் மாமாவின் தம்பி மனைவி காய்ச்சலில் போய்விட்டார். இரண்டு குழந்தைகள். அத்தை யாரையும் கேட்கவில்லை, தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆறு பிள்ளைகள் ஆயிற்று. அந்த இரண்டு பேரும் அவரை இன்றுவரை அம்மா என்றுதான் சொல்கிறார்கள். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர், இன்னொருவர் நர்ஸ்.

லயத்தின் பக்கத்தில் ஒரு மரத்தடியில் கல்லை நட்டு மாரியம்மன் ஆக்கினார்கள். அங்கிருந்து கொண்டுவந்த திருநீற்றில் பாதியை அத்தை அந்தக் கல்லுக்குப் பூசினார். மீதிதான் டின்னில் இருந்த பொட்டலம். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு. காய்ச்சலோ மழையோ, அந்த விளக்கு நின்றதில்லை.

எங்கள் கல்யாணம் 1987-ல். "சிலோன்காரங்க வீட்டுல பொண்ணெடுக்கறதா?" என்று என் அம்மா ஒரு வருடம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பிறகு அம்மா இடுப்பொடிந்து படுத்தபோது மலையிலிருந்து இறங்கி வந்து நான்கு மாதம் பார்த்துக்கொண்டவர் அத்தைதான். அதைப் பற்றி அவர் ஒரு சொல் பேசியதில்லை. அம்மாதான் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார்.

இதுவரை எழுதியதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரி, அக்காவ எழுதலையே?" என்றாள். அவள் கேட்டது நியாயம்.

மூத்த மகளுக்கு, என் மனைவியின் அக்காவுக்கு, இங்கே வந்தபோது பதினான்கு வயது. நன்றாகப் படிக்கிற பெண். அத்தை விடியலில் மலைக்குப் போனால் சின்னப் பிள்ளைகளை யார் பார்ப்பது? அக்காவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேயில்லை. சோறாக்கினார், தண்ணீர் சுமந்தார், தம்பி தங்கைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பினார். பதினெட்டு வயதில் அவரும் கூடை எடுத்தார். என் மனைவி ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்ததில் அந்தக் கைகளுக்குப் பாதிப் பங்கு உண்டு. "குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்" என்று ஒருவரைப் புகழும்போது, அதே குடும்பத்துக்காகத் தன் படிப்பைக் கொடுத்த இன்னொருவரை எளிதாக மறந்துவிடுகிறோம்.

அத்தை மறக்கவில்லை. இங்கே வந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, "யாருக்கு அத்தை இத்தனை வருஷமா வேண்டிக்கறீங்க?" என்று கேட்டேன். "எங்கண்ணன் நல்லா இருக்கணும்னு ஏத்துனேன். அது போனப்புறம் பெரியவளுக்கு ஏத்துறேன். அவளுக்கு நான் செஞ்சதுக்கு ஆத்தாகிட்டத்தானே மன்னிப்புக் கேக்கணும்" என்றார். அக்காவிடமே சொல்லியிருக்கலாமே என்றேன். தலையை ஆட்டினார். சொன்னாரா என்று தெரியாது. காரியத்தன்று அக்காவிடம் அதை நான் சொன்னேன். அழுதார். "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

அண்ணனை அத்தை மறுபடி பார்க்கவேயில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஐந்து மாதம் கடிதம் இல்லை. பிறகு ஒன்று வந்தது, உயிரோடு இருக்கிறோம் என்று. போர் மூண்டதும் கப்பலும் நின்றுபோனது. 1996-ல் அண்ணன் போன செய்தி வந்தது. அத்தை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அதே வருடம்தான். தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். வீட்டைக் காப்பாற்றவே மைத்துனர் ஒருவர் தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். 2022-ல் டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் ஒப்படைக்க அரசு முடிவெடுத்தபோது, அந்தச் செய்தியைக் கேட்டு அத்தை கேட்டது ஒன்றுதான்: "மறுபடியும் எங்க அனுப்புவாங்க?"

இலங்கையில் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கு 2003-ல் ஒரு சட்டம் குடியுரிமை கொடுத்தது. அந்தச் சட்டம் முப்பத்தொரு வருடம் முன்னால் வந்திருந்தால் அட்டன் ஸ்டேஷனில் யாரும் ஓடியிருக்க வேண்டாம்.

பேரனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "இல்லடா கண்ணு, திரும்பி வரல. புதுசா வந்தாங்க. தெரியாத ஊருக்கு வந்து நமக்கெல்லாம் ஒரு ஊரை உண்டாக்கிக் கொடுத்தாங்க."

நண்பர்களே, கோவையிலும் திருப்பூரிலும் நீலகிரியிலும் இப்படி வந்த குடும்பங்கள் ஏராளம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அந்தத் தலைமுறையில் யாராவது இருந்தால், எந்தத் தோட்டம், எந்த வருடம், யாரை விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். குடும்ப அட்டையையும் பாஸ்போர்ட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எழுதும்போது, பள்ளிக்கூடம் போகாத அக்காக்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை அக்கா கோத்தகிரியிலிருந்து வந்திருந்தார். விளக்கை அவர்தான் ஏற்றினார்.