நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டமும் எண்ணெய்க் குழாய் விவாதமும்

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்திலுள்ள நெடுவாசலில் எண்ணெயும் எரிவளியும் எடுக்க இந்திய அரசு 2017இல் ஒப்புதல் அளித்த திட்டம், அதற்கு எதிராக எழுந்த உழவர் போராட்டம், அதன் தொடர்ச்சியாக 2020இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் ஆகியவை சேர்ந்தது இவ்விவாதம். எண்ணெய்க் கிணறு வேண்டுமா என்ற கேள்வியோடு இது தொடங்கியது. விளைநிலத்துக்கு அடியில் குழாய் போகலாமா என்ற கேள்வி இன்றும் அதன் தீராத பகுதியாக இருக்கிறது.

நிலமும் நீரும்

இவ்விவாதத்தைப் புரிந்துகொள்ளப் புதுக்கோட்டை நகரை ஒட்டிய திருக்கோகர்ணத்திலிருந்து கிழக்கு நோக்கிப் போக வேண்டும். கோகர்ணேசுவரர் குடைவரைக் கோயில் அமைந்திருக்கும் திருக்கோகர்ணம் கரும்பாறை நிலம். மாவட்டத்தின் மேற்குப் பகுதி பெரும்பாலும் இப்படித்தான். மழைநீரை ஏரி, குளம், ஊருணிகளில் தேக்கி வாழ்ந்த ஊர்கள் அங்கே. ஆலங்குடியைத் தாண்டிக் கிழக்கே செல்லச் செல்லப் பாறை ஆழத்துக்கு இறங்கிவிட, மணலும் களிமண்ணும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்த படிவு நிலம் வருகிறது. நிலவியலாளர் காவிரிப் படுகை என்று சொல்லும் பகுதியின் மேற்கு ஓரம் இது.

இந்தப் படிவு அடுக்குகளின் மேற்பகுதிகளில் நீர் இருக்கிறது. வெகு ஆழத்தில் எண்ணெயும் எரிவளியும் இருக்கின்றன. நெடுவாசல், வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் வட்டாரம் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியே வாழ்கிறது. பல நூறு அடி ஆழத்துக்குப் போர் போட்டு நீர் இறைத்து நெல், கடலை, வாழை, தென்னை, பலா, மல்லிகை என்று செம்மண்ணைச் சோலையாக்கியவர்கள் இவ்வூர் மக்கள். கடன் வாங்கிப் போட்ட போர் அது. எண்ணெய்த் துளை அந்த நீரடுக்கைக் கடந்துதான் கீழே இறங்கும் என்பதே அவர்களுடைய அச்சத்தின் வேர். துளையைச் சுற்றி இரும்புக் குழாயும் சிமெண்டும் இட்டு நீரடுக்கைப் பிரித்துவிடுவோம் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விடை. அந்தச் சிமெண்டு எத்தனை ஆண்டு தாங்கும் என்பது ஊராரின் மறுகேள்வி. அது நியாயமான கேள்வி.

திட்டம்

எண்ணெய் மற்றும் இயற்கை எரிவளிக் கழகமான ஓஎன்ஜிசி இப்பகுதியில் முன்பே துளையிட்டு ஆய்வு செய்து, எண்ணெய் இருப்பதை அறிந்த பின் கிணறுகளை மூடிவிட்டுச் சென்றிருந்தது. நல்லாண்டார்கொல்லை, வாணக்கன்காடு, கோட்டைக்காடு போன்ற ஊர்களில் அத்தகைய கிணறுகள் உள்ளன. இப்படிக் கண்டறிந்து கைவிட்ட சிறு வயல்களை ஏலம் விடும் கொள்கையை நடுவணரசு 2015இல் வகுத்தது. 2017 பிப்ரவரி 15 அன்று நாடு முழுவதும் 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. நெடுவாசல் கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்குக் கிடைத்தது. மார்ச் 27 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

எண்ணெய், இயற்கை எரிவளி, மீத்தேன், ஷேல் என்று தனித்தனி உரிமம் பெற வேண்டிய முறை போய், ஒரே உரிமத்தில் எல்லா வகை ஹைட்ரோகார்பனையும் எடுக்கலாம் என்று புதிய கொள்கை சொன்னது. மக்களின் ஐயத்தை வளர்த்தது இந்த ஒற்றை உரிமமே. மன்னார்குடி மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகச் சென்ற இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று அந்தப் பயணத்தின்போதே பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். அவர் பேச்சைக் கேட்டிருந்த வட்டாரத்துக்கு ஹைட்ரோகார்பன் என்ற சொல் மீத்தேனின் மறுபெயராகவே கேட்டது.

போராட்டம்

ஒப்புதல் வெளியான மறுநாளே, பிப்ரவரி 16 அன்று, போராட்டம் தொடங்கியது. சல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நெடுவாசல் நாடியம்மன் கோயில் திடலில் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் அமர்ந்தார்கள். வெளியூர்களிலிருந்து மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். நடுவண், மாநில அரசுகள் அளித்த உறுதிமொழிகளை ஏற்று, தொடங்கிய 22ஆம் நாளில், மார்ச் மாதத்தில், போராட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அதே மாதத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானதும், சொன்ன சொல் காற்றில் போயிற்று என்று மக்கள் கொதித்தார்கள். ஏப்ரல் 12 அன்று தொடங்கிய இரண்டாம் கட்டம் 174 நாள் நீண்டது.

திட்டத்தை ஆதரித்தவர்களின் வாதமும் பதிவாக வேண்டியதே. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்கிறது. உள்நாட்டில் கிடைப்பதை விட்டுவைப்பது இழப்பு. கிணற்றுக்கு வேண்டிய நிலம் சிறிது. மாநிலத்துக்கு உரிமைத்தொகை வரும் என்றார்கள். இவற்றில் பொய் இல்லை. ஆனால் ஆதாயம் நாட்டுக்கும், கேடு வந்தால் அது ஊருக்கும் என்ற பங்கீட்டை இந்த வாதம் தொடவே இல்லை.

குழாய்

கிணற்றில் எடுத்த எண்ணெய் குழாய் வழியாகவோ லாரியிலோ வெளியேறியாக வேண்டும். 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் வயலில் கசிந்தபோது திட்டத்தின் இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்தது. கூடிய மக்கள் மீது தடியடி நடந்தது, பேராசிரியர் த. செயராமன் உள்ளிட்டோர் சிறையில் அடைக்கப்பட்டனர்.

குழாய் பதிப்பதற்கான சட்டம் 1962இல் வந்தது. அதன்படி நிலம் உழவர் பெயரிலேயே இருக்கும். அடியில் குழாய் பதித்துப் பயன்படுத்தும் உரிமை மட்டும் அரசுக்குப் போகும். அதற்கு ஈடு, சந்தை மதிப்பில் பத்து விழுக்காடு. குழாய் போகும் நிலப்பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. பலாவும் தென்னையும் போரும் வாழ்வாக இருக்கும் வட்டாரத்தில், இவை போனபின் பட்டாவில் மிஞ்சுவது வெறும் பெயர்தான்.

கேரளத்தின் கொச்சியிலிருந்து தமிழ்நாட்டைக் கடந்து பெங்களூருக்குச் செல்லும் கெயில் நிறுவனத்தின் எரிவளிக் குழாய்க்கு, கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட உழவர்கள் இதே காரணத்தால் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகுமாறு 2013இல் தமிழ்நாடு அரசு கூறியது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயிலின் பக்கம் நின்றது.

நாட்டு எல்லை தாண்டும் குழாய்களிலும் நிலத்தடி நீரே வழக்கின் நடுவில் நின்றிருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து அமெரிக்காவின் நெப்ராஸ்காவுக்குக் கச்சா எண்ணெய் கொண்டுவர 2008இல் முன்மொழியப்பட்ட கீஸ்டோன் எக்ஸ்எல் குழாயை, ஒகல்லாலா நீரடுக்கின் மேல் பயிரிடும் நெப்ராஸ்கா உழவர்கள் எதிர்த்தார்கள். ஒபாமா 2015இல் மறுத்தார். டிரம்ப் 2017இல் மீட்டார். பைடன் 2021இல் அனுமதியை நீக்கினார். நிறுவனம் அவ்வாண்டு ஜூனில் கைவிட்டது. நெப்ராஸ்காக்காரரும் நெடுவாசல்காரரும் கேட்டது ஒன்றே: கீழே இருக்கும் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

சட்டம்

நெடுவாசலில் புதிய கிணறு தோண்டப்படவில்லை. 2020 ஜனவரியில் எண்ணெய்த் தேடலுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று நடுவணரசு விதியைத் திருத்தியது. அடுத்த மாதம் 20ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் இதில் அடங்கும். நெடுவாசல் வட்டாரத்துத் திருவரங்குளமும் கறம்பக்குடியும் அவற்றுள் உண்டு. அங்கே எண்ணெய், எரிவளித் தேடலும் துளையிடலும் புதிதாகத் தொடங்கக் கூடாது. ஆனாலும் 2021 ஜூனில் நடுவணரசு அறிவித்த ஏலத்தில் கறம்பக்குடிப் பக்கத்து வடதெரு இடம்பெற்றது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைக் கைவிடக் கோரிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

நெடுவாசல் மக்கள் அமர்ந்து பெற்ற காப்பு இந்தச் சட்டம், பெரிய காப்புதான். ஆனால் சட்டம் வருமுன் நடந்துவந்த திட்டங்களை அதன் தடை தொடாது. துறைமுகம், சாலை, மின்சாரம் முதலியவற்றோடு சேர்த்துக் குழாய்த் திட்டங்களுக்கும் அதன் நான்காம் பிரிவு விலக்கு அளிக்கிறது.