தக்காளி அடி தாங்கக் கற்றுக்கொண்ட கதை

1/
நேத்து ஓ.பி.யில ஒரு அக்கா கேட்டாங்க. பட்டாசு ஆலையில வேலை பார்க்குறவங்க.

"டாக்டர் சார், இந்த பெங்களூர் தக்காளி கீழே விழுந்தாலும் உடைய மாட்டேங்குது. ஊசி போடுறாங்களாமே, நிசமா?"

ஊசியெல்லாம் இல்லை. ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு.

2/
முதல்ல காரணத்தைப் பார்ப்போம்.
நாட்டுத் தக்காளியில விதை அறைகள் அதிகம், சாறு அதிகம், சதைச் சுவர் மெலிசு. கெட்டி ரகங்கள்ல சுவர் தடிமன், அறைகள் குறைவு. லாரியில, பெட்டியில அடியில இருக்குற பழம் மேல உள்ள மொத்த எடையையும் தாங்கணும். பைக்ல விழுந்தவருக்கு வெளியே சிராய்ப்பு இல்லாம உள்ளே அடிபட்டிருக்கும்ல? தக்காளிக்கும் அப்படித்தான். தோல் நல்லா இருக்கும், உள்ளே கூழ் கெட்டிருக்கும்.

3/
நம்ம பக்கத்துக் கதைக்கு வருவோம்.
தேனிப் பக்கம் அன்னஞ்சின்னு ஒரு ஊர் இருக்கு. அதே பெயர்ல ஒரு உள்ளூர் தக்காளி ரகம். அதுல செயற்கையா மரபு மாற்றத்தைத் தூண்டி, 1970களில் பெரியகுளத்தில் உருவாக்கியதுதான் பி.கே.எம். 1. தட்டையான உருண்டை, காம்புப் பக்கம் பச்சைத் தோள், தொலைதூரம் அனுப்பத் தோதான பழம்.

4/
இதுக்கு முன்னாடியே அமெரிக்காவில் வேற ஒரு காரணத்துக்காக கெட்டித் தக்காளி தேடினாங்க.
கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜாக் ஹன்னா, இயந்திரம் பறிச்சாலும் நசுங்காத செடியை உருவாக்கினார். பெயர் வி.எஃப். 145. கோபி லோரென்சன் இயந்திரத்தை வடிவமைச்சார். 1964 முடிவில் மெக்சிகோ தொழிலாளர்களை வரவழைச்ச திட்டம் நின்னதும், சில வருஷத்துலயே கிட்டத்தட்ட மொத்த அறுவடையும் இயந்திரத்துக்குப் போயிருச்சு.

5/
தக்காளி அடி தாங்கிக்கிச்சு. மனுசங்களுக்குத்தான் அடி.
அங்கே 1960களின் தொடக்கத்தில் சுமார் 4,000 பேர் தக்காளி போட்டாங்க. 1973ல் சுமார் 600 பேர்தான். 1970களின் இறுதிக்குள் ஏறத்தாழ 32,000 வேலைகள் போனதா ஒரு மதிப்பீடு. 1979ல் பல்கலைக்கழகத்தின் மேல வழக்கே போட்டாங்க.

6/
ருசியும் கொஞ்சம் போச்சு.
ஒரே சீரா பழுக்கணும்னு பச்சைத் தோள் இல்லாத ரகங்களாத் தேர்ந்தெடுத்தாங்க. அந்தப் பச்சையம்தான் பழத்துக்குச் சர்க்கரை சேர்க்க உதவுதுன்னு 2012ல்தான் தெரிஞ்சுது.

7/
இப்போ அக்காவுக்குச் சொன்ன பதில்.
கெட்டித் தக்காளி விஷம் இல்லை, தாராளமா சாப்பிடலாம். ரசத்துக்கு நாட்டுத் தக்காளி வேணும்னா ரெண்டு நாளைக்கு மட்டும் வாங்குங்க.

8/
சாயங்காலம் மலிவா கிடைக்குற அடிபட்ட தக்காளியை வாங்குறதுல தப்பே இல்லை. அன்னைக்கே சமைச்சிருங்க. ஆனா பூஞ்சை பிடிச்சிருந்தா, அந்த இடத்தை மட்டும் வெட்டிட்டு மீதியைப் போடாதீங்க. தக்காளி மாதிரி ஈரமான பழத்துல பூஞ்சை கண்ணுக்குத் தெரியாம உள்ளேயும் பரவியிருக்கும். முழுசாத் தூக்கிப் போட்டிருங்க.