மருதானை டவர் மண்டபம்

கொழும்பு மருதானையில் 1911 டிசெம்பரில் திறக்கப்பட்ட டவர் மண்டபம், ஜி. டி. ஹென்ட்ரிக் செனவிரத்ன என்னும் தனியொருவரின் முயற்சியால் எழுந்த நாடக அரங்காகும். சார்ள்ஸ் டயஸின் 'பண்டுகாபய' அங்கு முதலில் மேடையேறிற்று. பம்பாய் பார்சி நாடகக் குழுக்களின் வருகையால் உருவான 'நூர்த்தி' இசை நாடகம் இம்மண்டபத்திலேயே செழித்தது. நமது தமிழ் மேடையும் வர்ணத் திரைச்சீலைகளை அதே பார்சி மரபிடமிருந்தே பெற்றதென்பதை இங்கு நாம் நினைவுகூர்தல் தகும்.

சினிமா வந்ததும் அரங்கு படமாளிகையாயிற்று. நுழைவுச்சீட்டு வருமானமொன்றையே நம்பிய தனியார் அரங்குக்கு வேறு வழியிருக்கவில்லை என்றே கருதுகிறோம். 1978இல் அரசு சட்டமியற்றி டவர் மண்டப அரங்க மன்றத்தை நிறுவியதையடுத்தே நாடகம் அங்கு நிலையாகத் திரும்பிற்று. மூத்த கலைஞர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் பணியையும் அம்மன்றம் ஏற்றுக்கொண்டது.