இன்சுலினும் ‘செயலற்ற’ பொருள்களும்: நிமிடங்களின் வரலாறு

அமெரிக்காவில் விற்கப்படும் இன்சுலினுடன் வரும் விவரத்தாளில் ‘செயலற்ற பொருள்கள்’ என்றொரு பட்டியல் உண்டு. துத்தநாகம், பினால், கிளிசரின் முதலியன அதில் இடம்பெறும். இன்சுலினின் நூறாண்டு வரலாறு இப்பெயரை ஏற்பதில்லை. தோலுக்கடியில் செலுத்தப்பட்ட மருந்து குருதியை எப்போது அடையும் என்பதைப் பலமுறை தீர்மானித்தவை இப்பொருள்களே.

1922 ஜனவரியில் டொரோண்டோவில் லெனார்ட் தாம்சன் என்னும் சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் செலுத்தப்பட்டது. அக்கால இன்சுலினின் ஆற்றல் சில மணி நேரமே நீடித்தது. நோயாளிகள் நாளொன்றுக்குப் பலமுறை ஊசி போட்டுக்கொள்ள நேர்ந்தது. எனவே முதல் தேவை வேகமன்று, தாமதமே. 1936இல் டென்மார்க்கின் ஹாகெடோர்ன், மீனின் விந்திலிருந்து பெறப்படும் புரோட்டமின் என்னும் புரதத்தைச் சேர்த்து இன்சுலின் உறிஞ்சப்படுவதை மெதுவாக்கினார். அதே ஆண்டில் டொரோண்டோவின் ஸ்காட்டும் ஃபிஷரும் துத்தநாகத்தையும் சேர்த்து அக்காலத்தை மேலும் நீட்டித்தனர். 1946இல் உருவான என்பிஎச் இன்சுலின் இம்மரபின் தொடர்ச்சி. இன்றும் அது வழக்கில் உள்ளது.

தாமதத்தின் காரணம் மூலக்கூறின் அமைப்பில் தெளிவாயிற்று. 1969இல் ஆக்ஸ்போர்டில் டோரதி ஹாட்ஜ்கின் குழுவினர் இன்சுலினின் அமைப்பைக் கண்டறிந்தனர். துத்தநாக அயனிகளைச் சுற்றி ஆறு மூலக்கூறுகள் ஒரு கூட்டாகத் திரள்கின்றன. இக்கூட்டு இரண்டிரண்டாகவும் பின் தனித்தனியாகவும் பிரிந்த பின்னரே தந்துகிகளுள் எளிதில் நுழையும். கிருமித்தடுப்புக்காகச் சேர்க்கப்படும் பினாலும் மெட்டாகிரசாலும் இக்கூட்டை மேலும் உறுதியாக்குகின்றன. குப்பியில் மருந்தைக் கெடாமல் காப்பதே உடலில் அதன் வேகத்தைத் தடுக்கிறது.

இம்முரணின் சுமை நோயாளி மீது விழுந்தது. வழக்கமான இன்சுலினை உணவுக்கு அரைமணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். பிந்தினால் உண்டவுடன் சர்க்கரை ஏறும்; உணவு செரித்த பின்னும் இன்சுலின் எஞ்சியிருப்பதால் அது ஆபத்தான அளவுக்குத் தாழவும் கூடும். 1996இல் வந்த லிஸ்ப்ரோவில் இரு அமினோ அமிலங்கள் இடம் மாற்றப்பட்டன. கூட்டு விரைந்து பிரிந்தது. எனினும் கணையத்தின் வேகம் கிட்டவில்லை.

அதன்பின் கவனம் மீண்டும் துணைப்பொருள்கள் மீது திரும்பியது, இம்முறை எதிர்த்திசையில். துத்தநாகத்தைப் பற்றி அகற்றும் ஈடிடிஏவையும் சிட்ரிக் அமிலத்தையும் சேர்த்த ஒரு தயாரிப்புக்கு 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிட்டவில்லை. 2017இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற ஃபியாஸ்ப், பழைய அஸ்பார்ட் இன்சுலினே; அதில் உயிர்ச்சத்து பி3இன் ஒரு வடிவமான நியாசினமைடு தொடக்க உறிஞ்சலை விரைவுபடுத்துகிறது, ஆர்ஜினைன் கலவையை நிலைப்படுத்துகிறது. 2020இல் வந்த லியும்ஜெவ் வேறு வழியைக் கொண்டது. அதிலுள்ள ட்ரெப்ரோஸ்டினில், நுரையீரல் தமனி மிகை அழுத்தத்துக்கான மருந்து; இங்கே மிக நுண்ணிய அளவில் ஊசியிட்ட இடத்தின் குருதிக்குழாய்களை விரிக்கிறது. சிட்ரேட்டு அக்குழாய்களின் ஊடுருவு திறனைக் கூட்டுகிறது. மூலக்கூறை மாற்றாமல் அது செல்லும் பாதை திறக்கப்பட்டது.

ஃபியாஸ்பால் கிட்டிய ஆதாயம் ஏறத்தாழ 5 நிமிடங்கள். உணவுக்குப் பின் முதல் மணி நேரத்தில் ஏறும் சர்க்கரையைச் சற்றுக் குறைக்க அது உதவுகிறது. ஆனால் கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலை அடைகிறது. தோலுக்கடியில் இடப்படுவது உடல் முழுதும் பரவிய பின்னரே அங்குச் சேர்கிறது. அவ்வேறுபாட்டை எத்துணைப்பொருளும் இதுவரை மாற்றவில்லை.